ஊசியிலைகள் வளர வளரப் பூச்சிகளிடமிருந்து தப்பிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று வயதைப் பார்த்து ஒரே இலைக்குப் பெயரை மாற்றிக்கொண்டே போகிறது தமிழ். பைன், ஸ்புரூஸ், ஃபிர் போன்ற ஊசியிலை மரங்களின் தற்காப்பைப் புரிந்துகொள்ள இந்தப் பழக்கம் நன்றாகவே கைகொடுக்கும். கொழுந்தாக இருக்கும்போது கடிக்கிற புழு சந்திக்கும் தடை ஒன்று. அதே இலை முற்றிய பிறகு வருகிற புழு சந்திக்கும் தடை வேறு. ஆகவே ‘இந்த மரம் பூச்சியைத் தாங்குமா?’ என்று யாராவது கேட்டால், ‘இலைக்கு அப்போது என்ன வயது?’ என்று திருப்பிக் கேட்பதுதான் சரி. கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

ஊசியிலை என்றாலே விறைப்பாகத்தானே இருக்கும்? அதைப் பூச்சியால் கடிக்கவே முடியாதே?

வசந்தத்தில் மொட்டு விரியும்போது போய்ப் பாருங்கள். ஸ்புரூஸ் கிளையின் நுனியில் வெளிர்பச்சை நிறத்தில் ஒரு சிறு தூரிகை மாதிரி புதுத்தளிர் நிற்கும். தலையில் மொட்டுச் செதில்கள் காகிதத் தொப்பி போல ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தடவினால் குத்தாது. நகத்தால் கிள்ளினால் கீரைத்தண்டு மாதிரி அறுந்து வரும். ஒரு சாண் உள்ளே தள்ளி, போன வருடத்து இலையைக் கிள்ளிப் பாருங்கள். வளையும், நகம் வழுக்கும், லேசில் அறுபடாது.

புதுத்தளிரில் தண்ணீர் அதிகம், நைட்ரஜன் அதிகம், நார் குறைவு. வளரும் புழுவுக்கு வேண்டியது புரதம், புரதத்துக்கு வேண்டியது நைட்ரஜன். அதனால் மரத்திலேயே சத்து மிகுந்த பகுதியும், கடிக்க எளிதான பகுதியும் ஒன்றாகிவிடுகின்றன. இதற்கு ஆண்டில் சில வாரங்கள்தான் ஆயுள். எத்தனையோ அந்துப்பூச்சிகள் தங்கள் வாழ்க்கை முழுவதையும் இந்தச் சில வாரங்களை வைத்தே அமைத்துக்கொண்டுள்ளன.

இவ்வளவு மென்மையான கொழுந்தை மரம் சும்மா விட்டுவிடுகிறதா?

இல்லை. உடல் உறுதி இன்னும் வராத வயதில் வேதிப்பொருள் முன்னால் நிற்கிறது. தளிர்களில் டெர்பீன்கள் என்ற வாசனைப் பொருட்கள், பிசின் அமிலங்கள், பீனால் சேர்மங்கள் என்று பூச்சியைத் தடுக்கும் பொருட்கள் எல்லாம் இருக்கும். எது எவ்வளவு என்பது மட்டும் மரத்துக்கு மரம் மாறும்.

வட அமெரிக்காவின் ஜாக் பைன் இதற்கு நல்ல உதாரணம். அந்த மரத்தில் ரம்ப ஈக்களின் புழுக்கள் வாழ்கின்றன. பார்ப்பதற்குக் கம்பளிப்புழு மாதிரி இருந்தாலும் இவை குளவி, எறும்புகளின் உறவுக்கூட்டம். மென்மையான புது இலை பக்கத்திலேயே இருக்க, இவை போய்க் கடினமான பழைய இலையைத் தின்கின்றன. காரணம் என்ன என்று தேடியவர்கள், இளம் இலையில் பிசின் அமில வகையைச் சேர்ந்த ஒரு பொருள் புழுக்களை உண்ணவிடாமல் தடுக்கிறது என்று 1977-ல் காட்டினார்கள். இலை முற்ற முற்ற அந்தத் தடை தளர்ந்துவிடுகிறது.

ஸ்புரூஸ் மரங்களில் சாறு உறிஞ்சும் பச்சை அசுவினி ஒன்று உண்டு. அதுவும் கோடையின் தொடக்கத்தில் புது இலைகளைத் தொடுவதில்லை, பழைய இலைகளில்தான் உட்காரும். அதனால் அது தாக்கிய மரம் விசித்திரமாகத் தெரியும்: உள்ளே பழைய இலைகள் பழுப்பாகி உதிர்ந்திருக்க, நுனியில் மட்டும் பசுமை மிஞ்சியிருக்கும்.

‘இளசு என்றால் பூச்சிக்கு விருந்து’ என்ற பொதுவான எண்ணம் பாதி உண்மைதான். சில பூச்சிகளுக்கு அது விருந்து, சிலவற்றுக்குக் கிட்டவே போக முடியாத இடம்.

பிசின் உண்மையில் என்ன செய்கிறது?

பைன் இலை ஒன்றைக் குறுக்கே மெல்லியதாகச் சீவிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பச்சைப் பரப்பின் ஓரத்தில் சிறு துளைகள் தெரியும். அவைதான் பிசின் நாளங்கள். பல பைன் இனங்களில் இரண்டு இருக்கும், சிலவற்றில் அதற்கு மேலும் உண்டு. நாளத்தைச் சுற்றி ஒரு வரிசை செல்கள் பிசினைச் சுரந்து, அழுத்தத்தோடு உள்ளே நிரப்பி வைத்திருக்கும். புழு கடித்து நாளம் அறுந்த அடுத்த கணம், பிசின் தானாக வெளியே வரும். மரம் இதற்காக எதுவும் ‘முடிவு’ செய்ய வேண்டியதில்லை.

வெளியே வந்த பிசின் இரண்டு வேலை செய்கிறது. அதில் லேசான பகுதி, அதாவது பைனீன், லிமோனீன் போன்ற மோனோடெர்பீன்கள், ஆவியாகிப் போகும். நாம் ‘பைன் வாசனை’ என்று சொல்வது அதைத்தான். சின்னஞ்சிறு புழுவுக்கு அந்த ஆவியே நஞ்சாகலாம். கனமான பகுதியான பிசின் அமிலங்கள் அங்கேயே தங்கிக் கெட்டியாகி, வாயை ஒட்டவைத்து, காயத்தையும் மூடிவிடும். டர்பன்டைனும் ரோசினும் கலந்த ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோனோடெர்பீன்கள்தான் டர்பன்டைன், கெட்டிப்படுவதுதான் ரோசின்.

இலை நீண்டு எடை கூடும்போது, ஒவ்வொரு கிராமிலும் உள்ள பிசினின் அளவு குறைந்ததாகக் கணக்கில் தெரியலாம். மொத்தப் பிசின் குறையாமலே இது நடக்கும், இலைதான் பெருத்துவிட்டது. ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது அளவு ‘ஒரு கிராமுக்கு’ என்று சொல்லப்படுகிறதா, ‘ஓர் இலைக்கு’ என்று சொல்லப்படுகிறதா என்று பார்க்காவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

இலை முற்றும்போது என்னென்ன மாறுகிறது?

முதலில் தோல். மேல்தோல் செல்களின் சுவர் தடிக்கிறது. அதற்கு அடியில், பைன்களில் குறிப்பாக, தடித்த சுவர் கொண்ட இன்னொரு அடுக்கு உருவாகிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் படிந்து இலை விறைக்கிறது. வெளிப்புறத்தில் மெழுகுப்பூச்சு நிறைவு பெறுகிறது. ஃபிர் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் இருக்குமே, இலைத்துளைகள் வரிசையாக அமைந்த இடத்தை மூடியிருக்கும் மெழுகுதான் அந்த வெண்மை.

கூடவே சத்து இறங்குகிறது. தண்ணீர் குறைகிறது, நைட்ரஜனின் விகிதம் சரிகிறது, நார் ஏறுகிறது. ஒரே அளவு புரதம் கிடைக்கப் புழு இப்போது அதிகம் மெல்ல வேண்டும், அதிக நாள் உட்கார வேண்டும். உட்காரும் நாள் கூடினால் பறவை, சிலந்தி, ஒட்டுண்ணிக் குளவி ஆகியவற்றின் கண்ணில் படும் வாய்ப்பும் கூடும். விறைப்பு நேரடியாகக் கொல்வது பெரும்பாலும் முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குஞ்சுப் புழுக்களை. அவற்றின் தாடை அவ்வளவு சிறியது.

ஐரோப்பியப் பைன் ரம்ப ஈயின் இளம் புழுக்கள் தின்ற இலையைப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். அவற்றால் முழு இலையையும் கடிக்க முடியாது. சுற்றியுள்ள பச்சைச் சதையை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு, நடு நரம்பை விட்டுவிடும். அந்த நரம்பு காய்ந்து வைக்கோல் மாதிரி சுருண்டு தொங்கும். புழு பெரிதான பிறகுதான் இலையை நுனியிலிருந்து அடிவரை முழுசாகத் தின்னும்.

முற்றிய இலை இவ்வளவு கடினம் என்றால், அதற்கு வேதிப்பொருள் எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கனடாவில் வெள்ளை ஸ்புரூஸ் மரங்களை ஸ்புரூஸ் மொட்டுப்புழு என்ற அந்துப்பூச்சிப் புழு மொய்க்கும் காலத்தில், அக்கம்பக்கத்து மரங்கள் எல்லாம் மொட்டையாகி நிற்க, சில மரங்கள் மட்டும் பசுமையாக நின்றன. அந்த மரங்களின் இலைகளில் பைசியோல், பஞ்சினோல் என்ற இரண்டு பீனால் சேர்மங்கள் இருந்தன. இவற்றை உண்ட புழுக்களில் சாவு கூடியது, பிழைத்தவற்றின் வளர்ச்சியும் தாமதமானது.

மொட்டையான மரங்களில் இந்தப் பொருட்களுக்கான கச்சாப்பொருளே இல்லை என்று நினைப்போம். அப்படி இல்லை. அவற்றிலும் இதே மூலக்கூறுகள் சர்க்கரையோடு பிணைக்கப்பட்ட வடிவத்தில், பைசின், பஞ்சினின் என்ற பெயரில் இருக்கின்றன. பூட்டுப்போட்ட பெட்டி மாதிரி. தாங்கும் மரங்களிடம் அந்தச் சர்க்கரையை வெட்டி எடுக்கும் ஒரு நொதி தாராளமாக உற்பத்தியாகிறது. மற்றவற்றில் அந்த நொதிக்கான மரபணு ஏறக்குறைய உறங்கிக் கிடக்கிறது. 2015-ல் இந்த மரபணு வெளிச்சத்துக்கு வந்தது.

இப்போது வயதுக்கு வருவோம். தாங்கும் மரத்திலும்கூட, புதுத்தளிர் விரியும் நாளில் பைசியோலும் பஞ்சினோலும் தயாராக இருப்பதில்லை. தளிர் நீண்டு முடிந்து முற்றத் தொடங்கும்போதுதான் அவை சேர்கின்றன. மொட்டுப்புழு தோலுரித்துத் தோலுரித்து 6 வளர்ச்சிப் பருவங்களைக் கடக்கிறது. அது தின்னும் மொத்தத் தீனியில் மிகப் பெரும்பகுதி கடைசிப் பருவத்தில்தான். அந்தப் பெருந்தீனிக் காலமும் இந்த வேதிப்பொருள் உச்சம் தொடும் காலமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கின்றன. மரம் முதல் நாளிலேயே எதிர்க்கவில்லை, அதிக சேதம் வரும் நாட்களில் எதிர்க்கிறது.

மொட்டு விரியும் தேதிக்கும் தற்காப்புக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. அதே மொட்டுப்புழுவைத் தொடர்வோம். குளிர்காலத்தை அது இரண்டாம் பருவக் குட்டிப் புழுவாக, ஒரு சிறு பட்டுக்கூட்டுக்குள் உறங்கிக் கழிக்கிறது. வசந்தத்தில் வெளியே வரும்போது மொட்டு இன்னும் விரிந்திருக்காது. அதுவரை பழைய இலைக்குள் துளையிட்டுப் புகுந்து காலம் தள்ளும். மொட்டு விரிந்ததும் தளிருக்குத் தாவும்.

பால்சம் ஃபிர் மரத்தின் மொட்டு விரியும் காலம் இந்தப் புழுவின் அட்டவணையோடு நன்றாகப் பொருந்துகிறது. கருப்பு ஸ்புரூஸின் மொட்டு சுமார் இரண்டு வாரம் தாமதமாக விரிகிறது. அந்த இரண்டு வாரத்தில் சிறு புழுக்கள் பசியால் சாகின்றன, அல்லது பட்டுநூலில் தொங்கிக் காற்றோடு வேறு இடம் தேடிப் போகின்றன. ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் கருப்பு ஸ்புரூஸ் குறைவாகச் சேதப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நஞ்சும் இல்லை, முள்ளும் இல்லை, தாமதமே பாதுகாப்பு.

ஆனால் வசந்தம் சீக்கிரம் சூடாகும் ஆண்டுகளில் இந்த இடைவெளி சுருங்கலாம் என்பதால், இதை நிரந்தரக் கவசம் என்று நம்பிவிடக் கூடாது.

கடிபட்ட பிறகு மரம் புதிதாக ஏதாவது செய்கிறதா?

செய்கிறது. காயம் பட்டதும் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் வழியாகச் செய்தி பரவும். நார்வே ஸ்புரூஸ் கன்றுகள் மீது இந்த ஹார்மோனின் ஒரு வடிவத்தைத் தெளித்துப் பார்த்த சோதனையில், இலையில் சேரும் மோனோடெர்பீன்களும், அவற்றைவிடக் கனமான செஸ்குவிடெர்பீன்களும் சுமார் 2 மடங்காகின. காற்றில் வெளியாகும் டெர்பீன் சுமார் 5 மடங்கானது. வெளியான வாசனையின் கலவையும் மாறிவிட்டது.

காற்றில் விடுவதால் என்ன பயன்? ஸ்காட்ஸ் பைன் மரத்தில் ஒரு ரம்ப ஈ, தன் வாலில் உள்ள ரம்பத்தால் இலையைக் கீறி, முட்டைகளை வரிசையாக உள்ளே வைக்கும். ஒரு புழுகூட இன்னும் பிறக்கவில்லை, இலையை யாரும் தின்னவும் இல்லை. ஆனாலும் சில நாட்களில் இலை வெளிவிடும் வாசனை மாறுகிறது. அந்த மாற்றத்தை மோப்பம் பிடித்து, முட்டைகளுக்குள் தன் முட்டையை வைக்கும் மிகச் சிறிய குளவி ஒன்று தேடி வருகிறது. முட்டை நிலையிலேயே கதை முடிந்துவிடும்.

இலையுதிர்க்கும் லார்ச் மரம் என்ன செய்யும்? அதன் இலை முற்றவே நேரமில்லையே?

உண்மைதான். லார்ச் ஆண்டுதோறும் இலையை உதிர்ப்பதால் ஒவ்வோர் இலையிலும் அதிகம் முதலீடு செய்வதில்லை. இலை கடைசிவரை மென்மையாகவே இருக்கும். அதன் பதில் அடுத்த ஆண்டில் வருகிறது. சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்கில் லார்ச் மொட்டு அந்துப்பூச்சி 8 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, கோடை நடுவிலேயே மலைச்சரிவைப் பழுப்பாக்கி வந்தது. மரம் அதே கோடையில் மறுபடி துளிர்க்கும். ஆனால் அடுத்த ஆண்டு வரும் இலைகள் குட்டையாக, நார் மிகுந்து, நைட்ரஜன் குறைந்து இருக்கும். அந்தத் தீனியில் புழுக்கள் சரியாக வளர்வதில்லை. இலை பழைய தரத்துக்குத் திரும்பச் சில ஆண்டுகள் ஆகும். ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் இந்த ஏற்ற இறக்கத்தில் பெரிய பங்கு உண்டு என்பதால், பெருமை முழுவதையும் இலைக்கே கொடுத்துவிட முடியாது.

மரவளையங்களைப் படித்தவர்கள் இந்தச் சுழற்சி 1,100 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்ததைக் கண்டிருக்கிறார்கள். 1980-களின் தொடக்கத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் அது முன்போல் வரவில்லை.

ஊசியிலை மரங்கள் பூச்சியின் ஹார்மோனையே தயாரிக்கும் என்கிறார்களே, உண்மையா?

ஆமாம். 1960-களின் நடுவில் கரேல் ஸ்லாமா என்ற செக் ஆய்வாளர் பிராகாவிலிருந்து சிவப்பும் கருப்புமான ஒரு நாவாய்ப்பூச்சியை ஹார்வர்டுக்குக் கொண்டுபோய், கரோல் வில்லியம்ஸ் ஆய்வகத்தில் வளர்த்தார். ஊரில் ஒழுங்காக வளர்ந்த பூச்சி, அங்கே முதிர்ச்சி அடையவே மறுத்தது. பெரிய பூச்சியாக மாற வேண்டிய நேரத்தில் மறுபடி தோலுரித்து, இன்னொரு குஞ்சுப் பருவத்துக்குப் போய், அப்படியே செத்தது. உணவு, தண்ணீர், வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியில் குற்றவாளியைப் பிடித்தார்கள்: கிண்ணத்துக்குள் போட்டிருந்த அமெரிக்கக் காகிதத் துண்டு. நியூயார்க் டைம்ஸ் காகிதத்துக்கும் அதே விளைவு இருந்தது, லண்டனில் அச்சான நேச்சர் இதழின் காகிதத்துக்கு இல்லை. அமெரிக்கக் காகிதக்கூழில் பால்சம் ஃபிர் மரம் கலந்திருந்ததே வித்தியாசம். அந்தப் பொருளுக்கு ஜுவபியோன் என்று பெயர் வந்தது. பூச்சியைக் குஞ்சாகவே வைத்திருக்கும் இளமை ஹார்மோன் போல அது செயல்படுகிறது. எல்லாப் பூச்சிகளிடமும் இது பலிக்காது; குறிப்பிட்ட ஒரு நாவாய்ப்பூச்சிக் குடும்பத்திடம்தான்.

அது மரக்கட்டையில் கிடைத்தது. இலையில் கிடைத்தது இன்னொன்று. 1966-ல் ஜப்பானிய வேதியியலாளர் கோஜி நகானிஷியின் குழு, ஊசியிலை மரங்களின் கூட்டத்தைச் சேர்ந்த, தைவானின் ஒரு போடோகார்பஸ் மரத்தின் இலைகளிலிருந்து தோலுரிப்பு ஹார்மோனை ஒத்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதற்குச் சுமார் 12 ஆண்டுகளுக்கு முன், பூச்சியிடமிருந்து அந்த ஹார்மோனைப் பிரிக்க 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்கள் தேவைப்பட்டன. கிடைத்தது 25 மில்லிகிராம். மரமோ அதன் உறவுப்பொருளை இலையிலேயே சேர்த்து வைத்திருக்கிறது.

பூச்சிகள் இதையெல்லாம் எப்படி மீறுகின்றன?

சில, வழி மாறிப் போகின்றன: இலைக்குள் துளைத்து உள்சதையை மட்டும் தின்பது, நாளத்தைத் தவிர்த்துச் சாற்றை உறிஞ்சுவது. சில, நஞ்சைக் குடலிலேயே சிதைக்கின்றன.

ரம்ப ஈப் புழுக்கள் செய்வது வேறு ரகம். பைன் இலையைத் தின்னும்போது பிசினைச் செரிக்காமல், முன்குடலோரம் உள்ள இரண்டு பைகளில் தனியே சேமித்துக்கொள்கின்றன. எறும்போ சிலந்தியோ நெருங்கினால் தலையை வெடுக்கென்று உயர்த்தி, வாயில் ஒரு சொட்டுப் பிசினை நிறுத்திக் காட்டும். கூட்டமாக இருக்கும்போது அத்தனையும் ஒன்றாகத் தலையை ஆட்டும். மரத்தின் ஆயுதம் அப்படியே கைமாறிவிட்டது.

எல்லாத் தற்காப்பையும் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டால் என்ன?

வளரும் செல் நீள வேண்டும். லிக்னின் படிந்து விறைத்துவிட்டால் நீள முடியாது. அதனால் விறைப்பு பிறகுதான் வந்தாக வேண்டும். வேதிப்பொருள் செய்யவும் சர்க்கரை செலவாகும், தளிரோ இன்னும் தனக்கு வேண்டிய சர்க்கரையைக்கூட முழுதாகத் தயாரிப்பதில்லை. நீண்ட நாள் வாழும் இலையில் இந்தச் செலவு கட்டுப்படியாகும். பிரிஸில்கோன் பைனின் இலைகள் 30 ஆண்டுக்கு மேலும் கிளையில் நிற்கக்கூடியவை.

பழைய இலையை இழப்பது மோசமா, புது இலையையா?

பொதுவாகப் புது இலை. ரம்ப ஈ வசந்தத்தில் பழைய இலைகளைத் தின்றுவிட்டாலும், பைன் அந்த ஆண்டின் புது இலைகளை வைத்துப் பிழைத்துக்கொள்ளும், வளர்ச்சிதான் குறையும். பால்சம் ஃபிர் ஆண்டுதோறும் புதுத்தளிரைப் பறிகொடுத்தால், பழையவை வயதாகி உதிர உதிர ஈடு செய்ய ஆளில்லாமல் போகும். கடுமையான தாக்குதல் நான்கைந்து ஆண்டு தொடர்ந்தால் மரங்கள் சாகத் தொடங்கும்.

யூ மரத்தின் இலையில் பிசின் வாசனையே இல்லையே?

யூ இலையில் பிசின் நாளமே கிடையாது. அதற்குப் பதில் டாக்சின் (taxine) என்ற ஆல்கலாய்டு வகை நச்சுகள் இருக்கின்றன. மனிதருக்கும் கால்நடைக்கும் உயிரைப் பறிக்கக்கூடியவை அவை. வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

இலை வயதாவதை நானே கவனிக்க முடியுமா?

முடியும், ஒரு கிளை போதும். மொட்டு விரிந்த அன்று தளிர் ஒன்றில் நூல் கட்டுங்கள். வாரம் ஒருமுறை அதிலிருந்து ஓர் இலையையும், அதே கிளையின் போன வருடத்துப் பகுதியிலிருந்து ஓர் இலையையும் எடுங்கள். இரண்டையும் கிள்ளிப் பாருங்கள், கசக்கி முகர்ந்து பாருங்கள், பிளேடால் குறுக்கே சீவிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தேதியோடு குறித்து வையுங்கள். கடித்த தடம் இருந்தால் அது நுனியில் இருக்கிறதா, உள்பக்கத்துப் பழைய இலையில் இருக்கிறதா என்றும் எழுதுங்கள். முதல் வாரங்களில் இரண்டு இலைகளும் வேறு வேறு மரத்துடையவை போல இருக்கும். கோடை முடியும்போது, நூல் இல்லாவிட்டால் எது எந்த வருடத்து இலை என்று விரலால் மட்டும் சொல்வது கஷ்டம்.